கச்சேரிக்கு வரச் சொன்னார்கள்

இந்தப் போர்ட் பிளேரில் காலை பத்து மணிக்குச் சாப்பாட்டுத் தூக்கும் கலங்கிய முகமுமாகக் கச்சேரிக்குப் போகிறார்கள். வந்த புதிதில் பஸ்ஸில் ஒரு தெலுங்குக்காரர் கச்சேரிக்குப் போவதாகச் சொன்னார். யார் பாடுகிறார்கள் என்று கேட்டேன். அவர் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார். இங்கே எல்லோருக்கும் பொதுவான இந்தியில் கச்சேரி என்றால் கோர்ட் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நம் பக்கம் தாலுகா கச்சேரி என்ற பேச்சு உண்டுதான். ஆனாலும் வெறும் கச்சேரி என்றால் ஊரில் இருக்கும் உங்களுக்கும் எனக்கும் பாட்டுதானே. அந்த ஒரு சொல்லால் நான் மூன்று நாள் செத்துப் பிழைத்தேன்.

அப்போது எனக்கு ஸ்டோர்ஸ் ஆபீசில் தற்காலிக குமாஸ்தா வேலை. தமிழர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு முறை சைக்ளோஸ்டைல் செய்த எட்டுப் பக்க இதழில் நான்தான் விமர்சகன். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் இசைத்தட்டு, பெங்காலிகள் போடும் ஜாத்ராக் கூத்து, மலையாளிகளின் நாடகம் எதையும் விடமாட்டேன். மதராஸில் டிசம்பர் முழுக்க சபாக்களில் உட்கார்ந்த திமிர். பொங்கலுக்கு நடு அந்தமான் ரங்கத் ஊரிலிருந்து ஓர் ஆசிரியர் வந்து பாடினார். நான் எழுதினேன்: ‘கச்சேரி ஒரு மணி நேரம் தாமதம். நடுவில் உட்கார்ந்தவர் யாரையும் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவருடைய தப்புக்கெல்லாம் தலையாட்டினார்கள். இப்படிப்பட்ட கச்சேரியை இழுத்து மூடிவிடலாம்.’ எழுதிவிட்டு நானே ரசித்துச் சிரித்தேன்.

இதழில் உள்ளதை இந்தியில் சுருக்கி எங்கள் ஆபீசின் பெரிய அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும். அதைச் செய்பவர் கோவிந்த். கைதிகள் காலத்திலேயே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் பேசுவது இந்தி. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஒரு திங்கட்கிழமை அவர் என் மேஜைக்கு வந்தார்.

“பாபுஜி, நீங்க கச்சேரி பத்தி எழுதினீங்கல்ல? சாப் பஹுத் குஸ்ஸா. வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லிச்சு.”

சாப் என்றால் அந்த அதிகாரி, குஸ்ஸா என்றால் கோபம். அந்தப் பாடகர் பெரிய அதிகாரிக்கு வேண்டியவர் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். இது வரக்கூடாத நேரம். ஏனென்றால் என் மனைவியும் ஆறு மாதக் குழந்தையும் அன்று காலைதான் மதராஸில் கப்பல் ஏறியிருந்தார்கள். குழந்தையை நான் இன்னும் பார்த்ததில்லை. வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். அவர்களைக் கொண்டுவரும் கப்பலே என்னையும் சேர்த்துத் திருப்பிக் கொண்டுபோகும். நடுவில் இருந்த இரண்டு நாளும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கப்பல் வரக்கூடாது என்று வேண்டினேன். அப்படி வேண்டியதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

வியாழக்கிழமை தன் அறையில் அதிகாரி தொண்டையைச் செருமினார். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்திருந்த நான் துள்ளி எழுந்து நின்றேன். கோவிந்த் சுவரோரம் நின்றார்.

“கச்சேரியை மூட வேண்டும் என்று எழுதினீர்களா?” என்று அதிகாரி இந்தியில் கேட்டார்.

பாட்டைப் பற்றி நான் எழுதியது நியாயம்தான் என்று காட்டப் பார்த்தேன். என் ஓட்டை இந்தியில், “மதராஸில் நிறைய கச்சேரி பார்த்திருக்கிறேன், சாப். டிசம்பர் முழுக்க அதே வேலை” என்றேன்.

“எத்தனை வழக்கு?”

எனக்குப் புரியவில்லை. “நடுவில் இருப்பவர் மோசம், சாப். கேட்பவர் பாதியில் ஓடிப்போகிறார்” என்றேன்.

“ஓடிப்போகிறாரா!” அவர் காகிதத்தை மேஜையில் வீசினார். “அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு கோர்ட்டை மூடச் சொல்கிறீர்களா?”

கோர்ட் என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் எல்லாம் விளங்கியது. விளங்கியதும் பயம் இரண்டு பங்காயிற்று, இந்தி மொத்தமாக மறந்துபோனது. வேறு வழி தெரியாமல் தொடையில் தாளம் தட்டி, கண்ணை மூடிக்கொண்டு, ச, ப, மேல் ச என்று பாடினேன். மேல் சட்ஜத்தில் குரல் கிழிந்தது.

அதிகாரி கோவிந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பேசுரா” என்றார். இந்தியில் அதற்குச் சுருதி சேரவில்லை என்று அர்த்தம். என் வாழ்க்கையில் வந்த ஒரே விமர்சனம், அதுவும் சரியான விமர்சனம். விஷயம் பாட்டு என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும், போகலாம் என்று கையசைத்தார்.

வெளியே வந்ததும் ஆத்திரத்தில் கோவிந்தின் சட்டையைப் பிடித்துவிட்டேன். “கச்சேரின்னா என்னன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

அவர் என் கையை எடுத்துவிடவில்லை. “எனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன் பாபுஜி. எங்க வீட்ல ஒரே கச்சேரிதான். மதுரைக் கச்சேரி. எங்க தாத்தாவோட அப்பாவுக்கு அங்கதான் ஆயுள் தண்டனை போட்டு இந்தத் தீவுக்கு அனுப்பிச்சாங்க. அதுல பாட்டும் உண்டுன்னு இன்னிக்குத்தான் பாத்தேன்.”

நான் கையை எடுத்தேன். அன்று சாயங்காலம் கப்பல் வந்தது. குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டு அழுதது.

இரண்டு வருஷம் கழித்து லீவில் மதராஸ் போனோம். காபியை ஆற்றியபடி மாமனார், “மாப்பிள்ளே, சாயங்காலம் கச்சேரிக்குப் போகணும், தயாரா இருங்க” என்றார். “நான் ஒண்ணும் எழுதலியே” என்றேன். அவர் விழித்தார்.

சபாவில் முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார். தம்பூரா ஒலித்தது. நானும் வெகு காலம் கழித்து ஊருக்கு வந்தவனாகக் கண்ணை மூடினேன். பாடகர் தொண்டையைச் செருமினார். அத்தனை பேரும் உட்கார்ந்திருந்த அந்த சபையில் நான் மட்டும் எழுந்து நின்றுவிட்டேன்.