படம் இல்லாத பக்கம்

இரண்டாயிரமாவது ஆண்டு ஜூன் மாதம், புனேயில் மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், ஆனந்தவல்லி நாற்பத்திரண்டு வயதில் கல்லூரியில் சேர்ந்தாள்.

கட்கியில் உள்ள ஆயுதத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் அவள் தபால் பிரிவு கிளார்க். அவள் தேடிப்போன வேலை இல்லை அது. அங்கே மெஷினிஸ்டாக இருந்த கணவர் துரைசாமி தொண்ணூற்றெட்டு ஜூலையில், பணிக்காலம் முடியும் முன்பே இறந்துபோனார். அவருடைய வேலைக்குப் பதிலாக அவளுக்கு இதைக் கொடுத்தார்கள். அதனால் குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டியிருக்கவில்லை. அடுத்த வருஷம் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வருகிறது, சர்டிபிகேட் வைத்திருப்பவர்கள் இங்கேயே இருக்கலாம், மற்றவர்களை வேறு பிரிவுக்கு மாற்றுவோம் என்று மேலதிகாரி ஒருநாள் சொல்லிவிட்டுப் போனார். ஆனந்தவல்லி யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கேட்க ஆள் இல்லை. ஒரே மகன் சபரி நொய்டாவில் வேலையில் இருந்தான்.

சிவாஜி நகரில் ஒரு கல்லூரியில் மாலை வகுப்பு. ‘இணையமும் வலைப்பக்க உருவாக்கமும் – அறிமுகம்.’ ஆறு மாதம், வாரத்தில் மூன்று நாள். வேலை முடிந்து பஸ் பிடித்து, நனைந்த புடவைக் கரையோடு போய் உட்காருவாள். வகுப்பில் இருபத்துமூன்று பேர். அவளைத் தவிர எல்லாருக்கும் இருபதுக்குள்தான் வயது. பாடம் நடத்திய பாட்டங்கர் சாருக்கே முப்பது இருக்காது. மராத்தியில் ஆரம்பித்து, இங்கிலீஷில் போய், இந்தியில் முடிப்பார். ஆனந்தவல்லி திருமணமாகி ஆம்பூரிலிருந்து வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. இந்தி நன்றாக வரும், மராத்தி புரியும். இங்கிலீஷ்தான் டைப் அடிக்கிற அளவுக்கு.

இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் சோனியா, ஆகுர்டியில் கார் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகள். முதல் நாள் ஆனந்தவல்லியின் பெயரைக் கேட்டதும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, நீங்க தமிழா? நாங்களும் தமிழ்தான். எனக்கு பேசறதுக்கு தோடா தோடா வரும். படிக்கறதுக்கு வராது.”

“வீட்ல இன்னா பேசுவீங்க?”

“மம்மி தமிழ். நாங்க இந்தி.”

அன்று பஸ்ஸில் வரும்போது ஆனந்தவல்லி யோசித்துப் பார்த்தாள். வாய்விட்டுத் தமிழ் பேசிப் பத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. சபரி போனில் பேசும்போதும் பாதி இங்கிலீஷ்தான்.

மூன்றாவது வாரம் மின்னஞ்சல் பாடம். ஆளுக்கு ஒரு முகவரி உண்டாக்கிக்கொண்டு, தெரிந்தவர் யாருக்காவது ஒரு கடிதம் அனுப்பச் சொன்னார் பாட்டங்கர். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரித்துக்கொண்டார்கள். சோனியா அமெரிக்காவில் இருக்கும் மாமா மகனுக்கு எழுதினாள். ஆனந்தவல்லிக்கு யாருடைய முகவரியும் தெரியாது. சபரிக்கு அலுவலகத்தில் ஒன்று இருந்திருக்கும், அவன் சொன்னதில்லை. சார் ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவள் தன் முகவரிக்கே ‘ஹவ் ஆர் யூ’ என்று எழுதி அனுப்பினாள். அரை நிமிடத்தில் அது வந்து நின்றது. சார் தாண்டிப் போன பிறகு, ‘ஃபைன்’ என்று பதிலும் போட்டாள்.

அக்டோபரில் கடைசிப் பயிற்சியைச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி ஒரு வலைப்பக்கம் செய்து, இலவசமாக இடம் தரும் தளம் ஒன்றில் ஏற்ற வேண்டும். ஐம்பது மதிப்பெண். பொழுதுபோக்கு, பிடித்த நடிகர், பிடித்த கிரிக்கெட் வீரர் என்று பிள்ளைகள் அடுக்கினார்கள். ஆனந்தவல்லி இரண்டு வகுப்பு முழுக்க வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம் சொல்லத் தக்கதாக ஒன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

துரைசாமிக்குத் தொண்டையில் புற்றுநோய். மும்பையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. மூச்சு அது வழியாக. பேச்சு இல்லை. அதற்குப் பிறகு பதினோரு மாதம் இருந்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் எழுதிக் காட்டுவார். அப்படி ஆறு நோட்டு சேர்ந்தது. அவர் போன பிறகு ஆனந்தவல்லி அவற்றை எடுத்துப் படித்தால் விசித்திரமாக இருக்கும். அவர் கேட்டது மட்டும் இருக்கும். அவள் சொன்ன பதில் எதுவும் அதில் இருக்காது. அவளுக்குத்தான் வாய் இருந்ததே, அவள் ஏன் எழுதப்போகிறாள். ஒரு ஆள் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது போல இருந்தது நோட்டு முழுக்க.

“சோனியா, இதுல தமிழ் எழுத்து வருமா?”

சோனியா அன்றே தேடிப் பார்த்தாள். தமிழ் எழுத்துரு ஒன்று இலவசமாகக் கிடைத்தது. ஃப்ளாப்பியில் இறக்கி, கம்ப்யூட்டரில் போட்டு, இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினால் தமிழ் வருவதைக் காட்டினாள். “பட் ஆன்ட்டி, யார் கிட்ட இந்த ஃபான்ட் இல்லையோ, அவங்களுக்கு எல்லாம் கிறுக்கலா தெரியும். மேல ஒரு லிங்க் குடுத்துடுங்க, வேணும்ங்கறவங்க இறக்கிப்பாங்க.”

“யாரும் படிக்கப்போறதில்ல. இருக்கட்டும்.”

அந்த நினைப்புதான் அவள் கையை ஓட வைத்தது. நோட்டுகளைப் பையில் வைத்துக் கொண்டுவந்து, அவர் எழுதியதைப் பச்சையிலும் தன் பதிலை நீலத்திலும் அடித்தாள்.

காப்பி ஆறிப்போச்சு.
சூடு பண்ணித் தரேன், இரு.

எதிர் வீட்ல இன்னா சத்தம்.
பைப் தண்ணிக்குச் சண்டை. உனக்கு எதுக்கு அது.

வேணாம்.
ரெண்டு வாய் குடி.
வேணாம்னு சொல்றேன்.
சரி, கோவிச்சுக்காத.

நீ சாப்டியா.

இந்தக் கேள்வி நிறைய இடத்தில் வந்தது. என்ன சொன்னோம் என்று ஒவ்வொரு தடவைக்கும் நினைவு வரவில்லை. நினைவு வராத இடத்தில் நீல வரியைக் காலியாக விட்டாள். இட்டுக்கட்ட மனசு வரவில்லை.

‘சபரி எப்ப வரான்’ என்பது ஆறு நோட்டிலுமாகப் பதினோரு முறை இருந்தது. அதற்கு என்ன சொன்னாள் என்பது அவளுக்கு மறக்கவே இல்லை. ‘நாளைக்கு வரான்னு சொன்னேன். அவன் லீவே கேக்கலைன்னு எனக்குத் தெரியும்.’ பதினோரு இடத்திலும் அதையே அடித்தாள்.

பாட்டங்கர் சார் பக்கத்தைத் திறந்து, கீழே வரை ஓட்டிப் பார்த்தார். இவ்வளவு நீளமாக என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். வீட்டு விஷயம் என்றாள். நாற்பத்தாறு மதிப்பெண் போட்டார். நிறமும் இணைப்பும் சரியாக இருக்கின்றன, படம் ஒன்றுகூட இல்லை, அதற்கு நான்கு குறைத்தேன் என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

சர்டிபிகேட் வந்தது. தபால் பிரிவுக்குக் கம்ப்யூட்டரும் வந்தது. சோனியா வேறு படிப்புக்குப் போய்விட்டாள். ஆனந்தவல்லி சனிக்கிழமை சாயங்காலங்களில் கட்கி பஜாரில் இருந்த சைபர் கஃபேக்குப் போய், அரை மணி நேரம் தன் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பாள். அடியில், எத்தனை முறை திறக்கப்பட்டது என்று ஒரு எண் ஓடும். அதில் பெரும்பாலும் அவளே.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஒரு மின்னஞ்சல் வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தது. எழுதியவள் மதுரையில் இருக்கும் கோதை.

‘அக்கா, உங்க பக்கத்தை நானும் எங்க வீட்டுக்காரரும் படிச்சோம். அவர் பேர் அருணாச்சலம். அவருக்கும் அதே ஆபரேஷன், ஏழு மாசம் ஆச்சு. இவர் எழுதுறது சிலேட்டுல, அதனால எதுவும் மிஞ்சாது. காப்பி ஆறிப்போச்சுன்னு உங்க வீட்டுக்காரர் எழுதினதைப் படிச்சுச் சிரிச்சார். சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.’

ஆனந்தவல்லிக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சைபர் கஃபேயின் மரத்தடுப்புக்குள் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பதில் எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. துளையைச் சுற்றித் துடைக்கத் துணி எப்படி மெல்லிசாக இருக்க வேண்டும், குளிக்கும்போது என்ன செய்ய வேண்டும், கஞ்சியை எந்தப் பதத்தில் வைத்தால் இறங்கும் என்று எழுதினாள். பிறகு சிலேட்டை விட்டுவிட்டு நோட்டு வாங்கச் சொன்னாள்.

ஒன்றரை வருஷம் போய் வந்தது அந்தக் கடிதப் போக்குவரத்து. கோதை வாரம் ஒன்று எழுதுவாள். நேரில் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. ஆனால் புதன்கிழமை ஆகிவிட்டால் சனிக்கிழமைக்கு என்ன எழுதலாம் என்று ஆனந்தவல்லி யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். அலுவலகத்தில் ஒருநாள் தானாகச் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர் என்ன விஷயம் என்று கேட்டார்.

2003 பிப்ரவரியில் கோதை இரண்டே வரி எழுதினாள். ‘இவருக்கு மறுபடி காய்ச்சல். சென்னைக்குப் போறோம்.’ அதன் பிறகு எதுவும் வரவில்லை. ஆனந்தவல்லி நான்கு முறை எழுதினாள். ஐந்தாவது முறை, கோதையின் மின்னஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, இனி கடிதம் வாங்க இடமில்லை என்று அவள் கடிதமே திரும்பி வந்தது. திறக்கப்படாமல் உள்ளே கிடப்பவற்றில் தன்னுடையவை நான்கும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சனிக்கிழமைகளில் போவதை நிறுத்திவிட்டாள்.

அந்த ஆண்டுக் கடைசியில் சபரிக்குப் புனேக்கே மாற்றல் வந்தது. கராடியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனி. வேலை நேரம் மாறி மாறி வரும், கட்கியிலிருந்து தூரம் என்று நண்பர்கள் இருவரோடு அங்கேயே ஃப்ளாட் எடுத்துக்கொண்டான். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து அம்மாவை அழைத்துப் போனான். நண்பர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். அவள் கொண்டுபோன புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன், சும்மா பேச்சுக்குக் கேட்டான்.

“நீ அந்த கோர்ஸ்ல ஒரு பேஜ் பண்ணினியே, இன்னும் இருக்காம்மா?”

இருக்கிறது என்று முகவரியைச் சொன்னாள். திறந்தால் வெறும் கிறுக்கல். மேலே இருந்த இணைப்பைப் பார்த்து எழுத்துருவை இறக்கினான். பச்சையும் நீலமுமாகத் தமிழ் வந்து நின்றது. சபரி கேந்திரிய வித்யாலயாவில் படித்தவன். தமிழில் தன் பெயரை மட்டும் அடையாளம் தெரியும்.

“என்ன எழுதியிருக்க?”

“பச்சை அப்பா. நீலம் நான். அப்பா நோட்டுல எழுதினது.”

“படிச்சுக் காட்டு.”

அவள் படித்தாள். காப்பி வந்தது, எதிர் வீட்டுச் சண்டை வந்தது. அவன் சிரித்துக்கொண்டு கேட்டான். அவள் ஒரு இடத்தில் நிற்காமல் தாண்டினாள்.

“நில்லு. இங்க என் பேரு இருக்கு. நீ படிக்கல.”

“கீழ இருக்கறதைப் படிக்கறேன்.”

அவன் திரையை மேலும் கீழும் நகர்த்தினான். உதடு அசையாமல் எண்ணினான். “பதினொண்ணு இருக்கும்மா. எல்லா இடத்துலயும் கீழ ஒரே மாதிரி லைன். என்ன அது?”

அவள் வாசலைப் பார்த்தாள். அப்புறம் படித்தாள், ஒரே ஒரு முறை.

சபரி திரையைக் கீழே வரை ஓட்டினான். அடியில் ஓடிய எண்ணைக் காட்டினான். அறுநூற்றுச் சொச்சம்.

“இத்தனை பேருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.”

“அவங்களுக்கு உன்னைத் தெரியாதுப்பா. எழுதறப்ப யாரும் படிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

“நான் லீவ் கேட்டேன்மா. ஒரு தடவை கேட்டேன். மொதல்ல வேலை கன்பர்ம் ஆகட்டும்னாங்க. திரும்பக் கேக்க பயமா இருந்துச்சு.”

அது அவளுக்குத் தெரியாது. அந்த வரியை எத்தனையோ முறை படித்திருக்கிறாள், இப்படி ஒன்று இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

சாயங்காலம் ஏரவாடா வழியாக அவளைக் கொண்டுவந்து விட்டான். குவார்ட்டர்ஸ் வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனான்.

அடுத்த சனிக்கிழமை ஆனந்தவல்லி கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்குப் பிறகு சைபர் கஃபேக்குப் போனாள். பதினோரு இடத்திலும் இரண்டாவது வாக்கியத்தை அழித்தாள். ‘நாளைக்கு வரான்னு சொன்னேன்’ என்பதை மட்டும் விட்டுவைத்தாள். அவன் லீவ் கேட்டதை எழுதலாமா என்று கை விசைப்பலகை மேலேயே நின்றது. அது அவன் சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டாள். இதை அவனிடம் சொல்லவும் இல்லை.

இரண்டு மாதம் அவன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டியா, பிரஷர் மாத்திரை போட்டியா, அவ்வளவுதான். தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு அவள் தினமும் வேலைக்குப் போய்வந்தாள். அலுவலகத்தில் ஒரு தபாலை வேறு முகவரிக்கு அனுப்பிவிட்டு, முதல் தடவையாக மேலதிகாரியிடம் திட்டு வாங்கினாள்.

மார்ச் கடைசியில் முன்கூட்டிச் சொல்லாமல் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சமையலறை வாசலில் நின்றான்.

“ஆபரேஷனுக்கு முன்னாடி, கடைசியா அப்பா என்கிட்ட போன்ல பேசினாரே. என்ன பேசினார்னு உனக்கு ஞாபகம் இருக்கா?”

அவளுக்கு நினைவில்லை. பூத்துக்கு அவரோடு போனது ஞாபகம் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றதால் எதுவும் காதில் விழவில்லை.

“நொய்டாவுல மழையான்னு கேட்டார்” என்றான் சபரி. “நான் இல்லைன்னு சொன்னேன். இங்க பெய்யுதுன்னார். அப்புறம் மீட்டர் ஏறுதுன்னு வெச்சுட்டார்.”

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

“இல்ல. அவ்ளோதான்.”

ஆனந்தவல்லி அடுப்பைச் சின்னதாக்கினாள். பிறகு அவன் ஹெல்மெட்டைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். அவள் தட்டு எடுத்துப் போட்டாள்.