நானூற்றுப் பன்னிரண்டாம் அறையின் ஜன்னல்

அந்தச் சுற்றுலாக் கப்பலுக்குப் பதினோரு மாடி. மேலே உள்ள ஒன்பது மாடியிலிருந்தும் கடலைப் பார்க்கலாம். கீழே உள்ள இரண்டையும் கடல்தான் வந்து பார்த்துவிட்டுப் போகவேண்டும். அந்த அடிமாடி லாண்டரியில், நீர்மட்டத்துக்கு மூன்றாள் ஆழத்தில், நம்முடைய இஸ்திரிக்காரர் எட்டு வருடமாகப் படுக்கை விரிப்புகளை உருளை இயந்திரத்துக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். இந்த எட்டு வருடத்தில் அவர் கடக்காத கடல் இல்லை. ஒன்றையாவது நேரில் சந்திக்கும் பாக்கியம்தான் வாய்க்கவில்லை. துறைமுகத்தில் இறங்கலாம். ஆனால் துறைமுகத்தில் இருப்பது எண்ணெய் மிதக்கும் அழுக்குத் தண்ணீர். அதை அவர் வேலையிடத்திலேயே போதுமான அளவு பார்த்திருந்தார்.

வீட்டில் இந்த விவரம் தெரியாது. அவர் கப்பல் முகப்பில் காற்று வாங்கிக்கொண்டு நிற்பதாகவே சொந்தபந்தம் மொத்தமும் நம்பியது. "குடுத்து வச்ச ஆளு" என்று மச்சான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமூச்சு விட்டார். மறுத்துச் சொல்ல இவருக்கு மனம் வரவில்லை. தன் வாழ்க்கையை யாராவது ஒருவர் அனுபவித்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிட்டார்.

சிக்கல் மகள் விஷயத்தில்தான். ஏழாவது படிக்கிறாள். மாலை நான்கு மணி இடைவேளையில் இவர் போன் செய்தால் "ம்" என்பாள், "சாப்டேன்" என்பாள், போன் அம்மா கைக்குப் போய்விடும். ஒரு தகப்பனை இதைவிடச் சுருக்கமாக முடிக்க முடியாது. ஒருநாள் வாய்க்கு வந்தபடி, "இன்னிக்கு ஒரு திமிங்கலம் பாத்தேன்மா, நம்ம தெரு நீளம் இருக்கும்" என்று விட்டுப் பார்த்தார். பதினோரு நிமிடம் பேசினாள். அன்றோடு அவருக்குப் பிழைக்கும் வழி புரிந்துவிட்டது. தினம் ஒரு காட்சி வேண்டும். காட்சி இல்லையென்றால் மகள் இல்லை.

சரக்குக்குப் பஞ்சம் வராமல் பார்த்துக்கொண்டவர் பங்காளி. ஒரே அறையில் மேல்கட்டிலும் கீழ்கட்டிலுமாகப் பாகம் பிரித்துக்கொண்டதால் வந்த உறவு. நாலாம் மாடி அறைகளையும் எட்டாம் மாடி வாசிப்பறையையும் சுத்தம் செய்வது அவர் வேலை. வாசிப்பறையில் ஒரு தடித்த நோட்டு உண்டு. கடலில் அபூர்வமாக எதைக் கண்டாலும் பயணிகள் அதில் எழுதலாம். ஊழியர்கள் பேனாவைத் தொடக்கூடாது. பங்காளி தினமும் அந்தப் பக்கத்தைத் தான் படிக்காமலே போனில் படமெடுத்து வந்து காட்டுவார். பெரும்பாலும் "சூரிய அஸ்தமனம், மிக அருமை" என்றுதான் இருக்கும். சூரியன் சாயங்காலம் மறைவதைக் கண்டுபிடிக்க இத்தனை பேர் கப்பலேறி வந்திருந்தார்கள்.

நானூற்றுப் பன்னிரண்டாம் அறை மட்டும் விதிவிலக்கு. நூறு நாள் பயணம் முழுவதற்கும் வந்திருக்கும் அந்த அறைக்காரர், "என் ஜன்னலிலிருந்து" என்று தொடங்கித்தான் எழுதுவார். என் ஜன்னலிலிருந்து: நாற்காலி ஒன்று நிமிர்ந்தபடி மிதந்து போயிற்று, அதில் ஒரு கடற்பறவை ஆபீசர் போல உட்கார்ந்திருந்தது. என் ஜன்னலிலிருந்து: தொடுவானத்தில் ஒரு கப்பல் தலைகீழாகத் தொங்கியது. என் ஜன்னலிலிருந்து: பனிப்பாளத்தின் மேல் மூன்று பென்குயின்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல.

இஸ்திரிக்காரர் மூன்றையும் ஒரு மடிப்புக் கலையாமல் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பென்குயின்தான் காலை வாரியது.

"அவ போனுக்கு வரமாட்டேங்கறா" என்றாள் மனைவி.

"ஏன், என்னாச்சு?"

"எங்கப்பா வடக்குக் கடல்ல பென்குயின் பாத்தாருன்னு கிளாஸ்ல எந்திரிச்சு சொல்லியிருக்கா. டீச்சர் உலக மேப்பை மாட்டி, பென்குயின் தெக்கதான் இருக்கும்னு ஒரு பீரியட் பூரா நடத்திட்டாங்க. இப்ப அவளுக்கு அதான் பேரு."

"எது?"

"அதாங்க. பென்குயின்."

பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது. "பஸ் வந்துச்சான்னு கேளும்மா."

இஸ்திரிக்காரருக்குக் கோபம் வந்தது. பொய் சொன்னதற்காகத் தன்மேல் வரவேண்டிய கோபம், வழி தவறி நானூற்றுப் பன்னிரண்டின்மேல் போய் விழுந்தது.

"யாருய்யா அந்த ஆளு?" என்று பங்காளியைப் பிடித்தார்.

"ஒரு அம்மா. தனியா வந்திருக்கு. பாவம், நான் ரூம் தொடைக்கப் போனா, இன்னும் கொஞ்சம் தொடையேன்னு சொல்லும். ஏன், உன்னயும் தொடைக்கக் கூப்புட்டுச்சா?"

மறுநாள் திரைச்சீலை துவைக்கும் நாள். நாலாம் மாடி ஜன்னல் திரைகள் அறை எண் குத்திய சீட்டோடு வந்து குவிந்தன. அடுக்கும்போதுதான் இஸ்திரிக்காரரின் கை நின்றது. நானூற்றுப் பத்து வரை இருந்தது. அடுத்தது நானூற்று இருபத்தொன்று. இடையில் உள்ளவை கப்பலின் நடுவரிசை அறைகள், நான்கு பக்கமும் சுவர். ஜன்னலே இல்லாத அறையிலிருந்து திரை எப்படி வரும்? எந்த அறைக்கு ஜன்னல் உண்டு, எதற்கு இல்லை என்று கேப்டனைவிட நன்றாகத் தெரிந்திருக்கவேண்டிய ஒரே மனிதர் இவர். எட்டு வருடமாகத் திரை துவைக்கிறவர், இரண்டு மாதமாக அந்த ஜன்னலை நம்பியிருக்கிறார்.

வசமாகச் சிக்கிய குற்றவாளியான நானூற்றுப் பன்னிரண்டின் படுக்கைத்துணி மூட்டையை அவிழ்த்தார். பங்காளி அறைக்கு ஒரு மூட்டையாகக் கட்டி அனுப்புவது வழக்கம். உள்ளே விரிப்பு ஒன்று, தலையணை உறை இரண்டு. ஓர் உறை கசங்கி, எண்ணெய்க் கறையோடு இருந்தது. இன்னொன்றில் போன வாரம் இவர் போட்ட மடிப்பு அப்படியே இருந்தது. தலை படாத உறை. சட்டப்படி அதையும் அழுக்குக் கூடையில்தான் போடவேண்டும். போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இயந்திரம் விரிப்பு கேட்டுக் கத்திக்கொண்டே இருந்தது.

நான்கு மணிக்கு மனைவி சொன்னாள்: "ஸ்பீக்கர்ல போட்டு அவ முன்னால வச்சுட்டேன். பேசுங்க. காது இருக்கு, கேக்கும்."

"பாப்பா" என்றார். அங்கே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. "நான் கடலைப் பாத்ததே இல்லம்மா. நான் இருக்கறது தண்ணிக்கு அடியில. ஜன்னல் கிடையாது. துணி தேய்க்கறேன்."

மின்விசிறி இன்னும் கொஞ்சம் சுற்றியது.

"திமிங்கலம்?"

"அதுவும் இல்ல."

"எல்லாமே பொய்யா?"

"நான் சாப்டேன்னு சொன்னது மட்டும் நெசம்."

"அப்ப அங்க என்னதான் பாக்கற?"

கேள்வி நியாயமானது. எட்டு வருடத்தில் யாரும் கேட்காதது. இஸ்திரிக்காரர் யோசித்து, நோட்டில் 'என் ஜன்னலிலிருந்து' என்று எழுதும் ஜன்னல் இல்லாத அறைக்காரரைப் பற்றியும், அங்கிருந்து வரும் தலையணை உறையைப் பற்றியும் சொன்னார். ஒன்று கசங்கி வருவதையும், மற்றது போட்ட மடிப்போடு திரும்புவதையும், அதையும் துவைத்துத் தேய்த்து மறுபடி மேலே அனுப்புவதையும் சொன்னார். சொல்லும்போதே பயமாக இருந்தது. திமிங்கலத்துக்குப் பிறகு தலையணை உறை எந்தக் கடையில் விலைபோகும்?

"அவங்கதான் பென்குயின் எழுதினதா?"

"ஆமா."

"அவங்க ரூம்ல ஜன்னலே இல்லையா?"

"இல்ல."

"அவங்க யார்கிட்ட போன் பேசுவாங்க?"

"தெரியலம்மா. எனக்கு அவங்க துணி மட்டும்தான் தெரியும்."

"நாளைக்கு என்னைக் கிளாஸ்ல பென்குயின்னு கூப்புட்டா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று இவர் வாயெடுத்தார். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று பிடிபடவில்லை. இடைவேளை முடிந்த மணி அடித்தது. மேற்பார்வையாளர் வாசலில் வந்து நின்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இஸ்திரிக்காரர் காதிலிருந்து போனை எடுத்துத் திரையைப் பார்த்தார். பத்தொன்பது நிமிடம் நாற்பது விநாடி. நாற்பத்தொன்று. அவள் பேசவும் இல்லை, வைக்கவும் இல்லை.

அவர் மேற்பார்வையாளரைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.