லோரி நிற்கும் இடத்தில் நிற்காத பாட்டு

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அப்பாவின் காது மெஷினுக்குப் புது பேட்டரி போட்டேன். பச்சைப்பயறு அளவு வெள்ளி வட்டம். காதில் வைத்ததும் "வீ..." என்று ஒரு சின்ன விசில்.

இடது காது போய்விட்டது. வலது காதும் குறைந்துகொண்டே வருகிறது, எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார் ஈப்போ டாக்டர். திரும்பி வரும்போது காரில் அப்பா சிரித்தார்.

"நல்லதுதாம்மா. அந்தச் சனியன் புடிச்ச பாட்டு இனி கேக்காதுல்ல."

எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியும்.

பேட்டரி போட்டுவிட்டு போனைத் திறந்தால், நம் மியூசிக் குரூப்பில் அதே பாட்டு! 'ரொம்ப எரிச்சலான, ஓவரா புகழப்பட்ட கிளாசிக்கல் மியூசிக் எது?' என்று யாரோ கேட்க, பாதிப் பேர் ஒரே பதிலைப் போட்டிருக்கிறீர்கள். லோரி ரிவர்ஸ் எடுக்கும்போது வருமே, அந்தப் பியானோ பாட்டு.

உங்கள் மேல் கோபமில்லை. எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அதை வெறுத்த அளவுக்கு உலகத்தில் யாரும் வெறுத்திருக்க மாட்டார்கள்.

அப்பா எஸ்டேட்டில் கொழுந்து ஏற்றும் லோரியின் டிரைவர். லயத்துப் பக்கம் லோரியைத் திருப்ப இடம் கிடையாது. அதனால் மேல் முச்சந்தியிலிருந்து சரிவு முழுக்கப் பின்னாலேயே இறங்கி வர வேண்டும். அவ்வளவு நேரமும் லோரியின் பின்னால் மாட்டியிருக்கும் ஒரு சின்னப் பெட்டி பாடும். ஒன்பது சுரம். முடிந்ததும் மறுபடியும் அதே ஒன்பது சுரம்... ஒரு நாளைக்கு நாலு தடவை.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவுக்குக் கைக்குழந்தை. ஒரு நாள் லோரியை மறித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, எம்புள்ள தூங்க வேணாமா? வேற கேசட் போடுங்கலா!"

"கேசட் இல்ல தங்கச்சி. ரிவர்ஸ் கியர் போட்டா தானா கத்துது. எனக்கு மட்டும் ஆசையா?"

"அப்ப அது வாய மூடுங்க. இல்லாட்டி ஒங்க லோரியிலயே தொட்டில் கட்டிருவேன்."

எஸ்டேட் ஆபீஸ் கிராணியும் தலையில் அடித்துக்கொண்டார். அப்பா அன்றே ஒயரைக் கழற்றிவிட்டார். லயமே கைதட்டியது. நானும்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் பனி இறங்கியது. கையை நீட்டினால் விரல் தெரியாத பனி.

அந்தப் பனியில் இன்ஜின் சத்தத்தை நம்ப முடியாது. மேலே உறுமுகிறதா, கீழேயா என்றே தெரியாது. பாட்டு வந்தால்தான் லோரி நம் பக்கம் வருகிறது என்று அர்த்தம். உடனே எல்லோரும் மேட்டுப் பக்கம் ஒதுங்கி, மண்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்போம். யாரும் சொல்லித் தரவில்லை... நடக்கப் பழகியபோதே அதுவும் பழகிவிட்டது. அப்படி ஒரு பழக்கம் இருப்பது அன்றுவரை யாருக்கும் உறைக்கவில்லை.

கூடை நிறையக் கொழுந்தோடு பாக்கியம் அக்கா நடுரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். லோரியின் பின்பலகை கூடையில் மோதியது. அவர் ரோட்டோரத் தண்ணீர்க் கானில் விழுந்தார். கூடை மேல் சக்கரம் ஏறியது.

நாங்கள் ஓடிப் போனோம். முழங்கை சிராய்ப்பு, வேறு ஒன்றுமில்லை. சிதறிய கொழுந்துக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அக்கா ஒரே கேள்வியைக் கேட்டு அழுதார்.

"பாட்டு எங்கண்ணே? பாட்டு எங்க?"

அப்பா அங்கேயே ஒயரைத் திரும்ப மாட்டினார். நான்தான் ஸ்குரூவைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு லயத்தில் யாரும் அந்தப் பாட்டைத் திட்டவில்லை, அப்பாவைத் தவிர. அவருக்கு அது பாட்டே இல்லை. அந்த மத்தியானம்.

பல வருடம் கழித்து, கோலாலம்பூரில் படிக்கும்போது, ரூம்மேட் மெய் லிங் ஒரு பியானோ கச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுவர் ஓரத்து சீட். வாசித்தவர் ஏதோ ஒன்றை முடித்தார், கைதட்டல் அடங்கியது, அடுத்ததைத் தொடங்கினார்.

ஒன்பது சுரம்.

நான் எழுந்துவிட்டேன்! மெய் லிங் கையைப் பிடித்து இழுத்துச் சுவரோடு சாய்த்து, நானும் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். பின்வரிசையில் யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். "பைத்தியமா?" என்றாள் அவள். வெட்கத்தில் உட்காரப் போனேன்... உட்காரவில்லை.

ஏனென்றால் பாட்டு நிற்கவில்லை.

எங்கள் லோரி எவ்வளவு தூரம் பின்னால் வந்தாலும் தாண்டாத இடத்தை அந்த விரல்கள் சும்மா தாண்டிப் போயின. அதற்குப் பிறகும் இருக்கிறதா! வெயில் பட்ட மாதிரி ஓர் இடம் வந்தது. பிறகு திடீரென்று இருட்டு. இடது கை ஒரே கட்டையைத் தட்டித் தட்டி நிற்க, அதன் மேல் என்னவோ கனத்துக்கொண்டே போனது. மேலிருந்து சரசரவென்று சுரங்கள் சரிந்தன. கடைசியில் அந்த ஒன்பது சுரம் திரும்ப வந்தது, ஒன்றுமே நடக்காதது போல. ஆனால் இப்போது அது வேறு பாட்டு. எல்லாம் தெரிந்த பிறகு பாடுகிற பாட்டு.

இத்தனை வருடம் ஒரு பெரிய வீட்டின் வாசல்படியில் மட்டும் உட்கார்ந்துகொண்டு, இவ்வளவுதான் வீடு என்று நினைத்திருக்கிறோம்.

லீவில் வந்து அப்பாவிடம் சொன்னேன். "அதுக்கு மிச்சம் வேறயா? விட்ரும்மா" என்று எழுந்து போய்விட்டார். அதன் பிறகு நானும் பேச்செடுக்கவில்லை.

இப்போது லயத்து ரோடு அகலம். லோரி சுலபமாகத் திரும்புகிறது. பக்கத்து ஊர் திரிங்காப்பின் காய்கறி லோரிகள்கூட வெறும் "பீப் பீப்"தான், உள்ளே கேமரா வேறு. யாரும் மண்சுவரில் முதுகை ஒட்ட வேண்டியதில்லை. நல்ல காலம்தான். ஆனால் அப்பாவின் காது இப்படியே அடைத்துப்போனால், அந்தப் பாட்டு அவருக்குள் ஒன்பதாவது சுரத்திலேயே, அந்தப் பனியிலேயே நின்றுவிடும்.

பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் சாயங்காலம் ஒரு சீனப் பெண் பியானோ வாசிக்கிறாள். அந்தப் பாட்டை முழுதாக வாசிப்பாயா என்று அவளிடம்கூட நான் இன்னும் கேட்கவில்லை. வீட்டில் என் தம்பிக்கும் தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை, டீ குடிக்கப் போகலாம் என்று மட்டும் சொல்லி அப்பாவை அழைத்துப் போவதாக முடிவு செய்துவிட்டேன். வலது காது பியானோ பக்கம் இருக்கும்படி உட்கார வைப்பேன்.

ஆரம்பத்திலேயே எழுந்துவிடுவார், தெரியும். கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறேன். பத்தாவது சுரம் வரும் வரைக்கும்தான். அதற்குப் பிறகு அவர் இஷ்டம்.