அண்டாக்கள் ஆறு கடந்த நாள்

எங்கள் சங்கத்துக்கு நாங்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைப் பலகையில் எழுதினால் பலகை போதாது. ஒரே மூச்சில் சொன்னால் மூச்சு போதாது. ஊர் அந்தச் சிரமமெல்லாம் படவில்லை. "அண்டாச் சங்கம்" என்று சுருக்கமாக முடித்துவிட்டது. முதலில் எங்களுக்குக் கோபம் வந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊரிலும் உட்காரப் பாயும் குடிக்க மோரும் கிடைக்கிறது என்று தெரிந்ததும் கோபத்தை மடித்து வைத்துவிட்டோம்.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. கடைத்தெருவில் என் தையல் கடை. தையற்காரனுக்குக் கையும் காலும் வேலையில் இருக்கும். காது இரண்டும் சும்மா இருக்கும். நான் படித்த படிப்பு முழுக்க அந்தக் காது வழியாக வந்ததுதான். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் சொல்லும் ஒரு சொல்லுக்காக நான் துணியை இரண்டு தடவை அளந்தது உண்டு. அந்தக் கடையின் பின்கட்டில்தான் சங்கம் கூடும். சங்கத்தின் பாத்திரங்களும் அங்கேதான் இருந்தன.

பாத்திரம் எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் கல்யாணப் பந்திக்குப் பெரிய அண்டா வேண்டுமென்றால் பண்ணை வீட்டு வாசலுக்குத்தான் போகவேண்டும். பண்ணையில் அண்டாவுக்கு வாடகை கிடையாது. வாடகை இல்லை என்பதுதான் அதில் இருந்த வில்லங்கம். ஒரு தடவை வாங்கியவர்கள் அதற்குப் பிறகு பண்ணை கூப்பிட்ட குரலுக்குப் போகவேண்டும். நடவோ, அறுப்போ, மாட்டுக்கொட்டிலோ, போய்க் கையைக் கட்டி நிற்கவேண்டும். எதுவரைக்கும் என்று அவர்களும் சொல்ல மாட்டார்கள். இவர்களும் கேட்க முடியாது. இதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துத்தான் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, அறுப்புக் காலத்தில் களம் களமாகப் போய் ஆளுக்கொரு படி நெல் கேட்டு, மதுரையிலிருந்து மூன்று செப்பு அண்டாக்களும் கொப்பரைகளும் கரண்டிகளும் கொண்டுவந்தோம்.

தலைவர் செக்கு வைத்திருந்தவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். செயலாளர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஆற்றுக்கு அக்கரையில், கிறிஸ்தவர்கள் குடியிருந்த வேதக்காரத் தெருவைச் சேர்ந்தவர். சங்கத்தில் ஒரு விதி இருந்தது. பாத்திரம் எந்த வீட்டுக்குப் போய்த் திரும்பினாலும், அதில் சாம்பார் கொதித்திருந்தாலும் கறி வெந்திருந்தாலும், உறுப்பினர்களே ஆற்றங்கரையில் உட்கார்ந்து புளி போட்டு விளக்கவேண்டும். அதனால்தான் இந்து வீட்டிலும் வேதக்கார வீட்டிலும் ஒரே அண்டா அடுப்பேறியது. "புளியும் சாம்பலும் பட்ட பெறகு செம்புக்கு ஏதுய்யா சாதி" என்பார் தலைவர். துறையில் குளிக்க வரும் பெண்கள் எங்களைச் சும்மா விடமாட்டார்கள். "மீசை வச்சவுக எல்லாம் பாத்திரம் வெளக்குறாக. வாங்கடி, நாம போயி ஏர் பூட்டுவோம்" என்பார்கள்.

அந்த வருஷம் தை மாதத்துக்கு முந்திய கூட்டத்தில் தலைவர் சொன்னார்: "நம்ம கொடிக்கால்காரர் மகளுக்குத் தை பத்து அன்னைக்குக் கலியாணம். அண்டா மூணும் வேணுமாம், சரின்னுட்டேன்." வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த அவர் எங்கள் ஊர்க்காரர். எல்லோரும் தலையாட்டினோம். அதே கூட்டத்தில் வாத்தியார் எழுந்தார். "எங்க தெருவுல ஒரு அம்மா மகளுக்கு ஜனவரி இருபத்துமூணு கோயில்ல கல்யாணம். மூணு அண்டாவும் தாறோம்னு வாக்குக் குடுத்திருக்கேன்." அதற்கும் எல்லோரும் தலையாட்டினோம்.

தலைவர் வீட்டுச் சுவரில் பஞ்சாங்கம். வாத்தியார் வீட்டுச் சுவரில் கோயில் நாள்காட்டி. இரண்டு தேதியும் ஒரே புதன்கிழமை என்று அங்கிருந்த ஒரு தலைக்கும் எட்டவில்லை. கிழமையை இருவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் என் கடை வாசலில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. ஒன்றிலிருந்து கொடிக்கால்காரரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். இன்னொன்றிலிருந்து வாத்தியாரும் அந்த அக்கரை அம்மாளும் இறங்கினார்கள். புருஷன் இல்லாமல், களையெடுத்தும் கதிரறுத்தும் இரண்டு பெண்களை வளர்த்தவர் அவர். மூத்தவள் கல்யாணத்துக்குப் பண்ணையில் அண்டா வாங்கினார். மூத்தவளுக்குப் பிள்ளை பிறந்து அது நடக்கவும் தொடங்கிவிட்டது; இவர் இன்னும் பண்ணைக் கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். இளையவள் கல்யாணத்துக்கு அந்த வாசலை மிதிப்பதில்லை என்று கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிச் சொல்லியிருந்தார்.

இரண்டு வண்டியையும் பார்த்ததும் தலைவருக்கு முகம் செத்துவிட்டது. வாத்தியார் விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணினார். எண்ணி முடித்ததும் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மொதல்ல வாக்கு வாங்குனது நானு" என்றார் கொடிக்கால்காரர்.

இந்த நேரம் பார்த்துப் பண்ணையின் காரியக்காரர் குடையோடு அந்த வழியாக வந்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டு, அக்கரை அம்மாளிடம் ரொம்பக் கனிவாகப் பேசினார்: "இதுக்கு ஏத்தா கலங்குற? பண்ணையில அண்டா சும்மாத்தேன் கெடக்கு. வந்து வாசல்ல நின்னு ஒரு வார்த்த கேட்டா, மாட்டேன்னா சொல்லிருவாக?"

அம்மாள் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. "மண்சட்டியில ஒவ்வொரு படியாப் பொங்கிப் போட்டாலும் போடுவேன். எம் மக கலியாணத்துக்கு நான் இன்னொருக்க அடகு போகமாட்டேன்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் என் தையல் மிஷினின் சக்கரம் தானாக நின்றுவிட்டது போல எனக்கு இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் மலையடிவாரத்து ஊர்க்காரர்கள், பெருங்கூட்டமாக வருவார்கள். மண்சட்டியில் பொங்கி அவர்களைப் பசியாற்ற முடியாது. கோயிலில் கல்யாணப் பூசையைத் தள்ளிவைக்கலாமா என்றால் அதுவும் ஆகாது. அந்தக் காலத்தில் பூசையில் நன்மை என்கிற அப்பம் வாங்குகிறவர்கள் நடுராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பொண்ணும் மாப்பிள்ளையும் பட்டினியாகத்தான் பீடத்தின் முன் நிற்பார்கள். நண்பகலுக்குள் சோறு இலையில் விழவேண்டும்.

வழி சொன்னது கொடிக்கால்காரர் மனைவி. அதுவரை வண்டியின் பக்கத்தில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர், புருஷனைப் பார்த்துக் கேட்டார்: "நம்ம மகளுக்கு முகூர்த்தம் எப்ப?"

"விடியக்கருக்கல்ல."

"சோறு வெந்து வடிச்சுப் பாயில கொட்டுனதும் அண்டாவுக்கு நம்ம வீட்டுல என்ன வேல? பந்தி முடியுற வரைக்கும் அது ஒக்காந்து மொய் எழுதப் போகுதாக்கும்? கொழம்பத் தெருவுல உள்ள கொடத்துல எல்லாம் ஊத்தி வச்சுக்கிருவோம். அண்டாவ அந்த மதினி கொண்டுக்கிட்டுப் போகட்டும்."

கொடிக்கால்காரர் வாயைத் திறந்தார். "நீங்க பேசாம வாங்க. கோம்பையூரு நாய் மாதிரி வாசல மறிச்சுக்கிட்டு நிக்காம" என்றார் மனைவி. தலைவர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு பெண்பிள்ளையை அவர் கும்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் எங்கள் ஊரில் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே நாங்கள் அடுப்பங்கரையில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றோம். பெண்கள் தெருக்குடங்களையெல்லாம் வரிசையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். பாயில் விரித்த வெள்ளை வேட்டியில் சோறு மலையாகக் குவிந்தது. காலியான அண்டாவின் இரண்டு காதிலும் மூங்கிலைக் கொடுத்து, சூடு ஆறுவதற்குள் தோளில் தூக்கி ஆற்றுக்கு ஓடினோம். பாலம் வழியாக வண்டியில் போனால் சுற்றிக்கொண்டு போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிடும். ஆறு நேர்வழி. அணையிலிருந்து இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள், மார்பளவு ஓடிக்கொண்டிருந்தது.

அண்டாவை மிதக்கவிட்டு, நீரில் நடந்தபடியே புளியும் தேங்காய் நாரும் போட்டு விளக்கினோம். விதி விதிதானே. முதல் அண்டா ஒழுங்காகப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதுதான் பெரியது. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் மொண்டது.

"ஏலே, உள்ள பாரம் வேணும்டா" என்று தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எங்களில் நீச்சல் தெரியாதவர் வாத்தியார் ஒருவர்தான்; அவர் இன்னும் கரையில் நின்றார். தலைவர் யோசிக்கவே இல்லை. வெள்ளை ஜிப்பாவோடு அவரைத் தூக்கி உள்ளே வைத்து, மடியில் கரண்டிகளைக் கொடுத்தார்.

"அண்ணே, இது சரியா வருமா?" என்றார் வாத்தியார்.

"பரிசல்னு நெனச்சுக்கங்க. ஏலே, காதப் பிடிங்க. என் காத இல்லடா, அண்டாக் காத."

நடு ஆற்றில் பாசிப் பாறையில் யாருக்கோ கால் வழுக்கியது. பிடி விட்டது. அண்டா பம்பரமாக ஒரு சுற்றுச் சுற்றி, வாத்தியாரோடு கிழக்கே கிளம்பிவிட்டது. அவர் ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சிலுவை போட்டார். பெரிய கரண்டியைத் துடுப்பாகப் போட்டுப் பார்த்தார். அண்டா இன்னும் வேகமாகச் சுற்றியது. நாங்கள் நீந்தினோம். அக்கரையில் வேதக்காரத் தெருப் பிள்ளைகள் கரையோடு ஓடினார்கள். அவர்களுக்கு முன்னால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்யாணப் பெண்ணின் தாயார் ஓடினார்.

அந்த அண்டா போனால் அன்றைக்குப் பாதிப் பேருக்குச் சோறில்லை. ஓடிய எல்லோருக்கும் அது தெரியும்.

கீழே மருதமரம் ஒன்று ஆற்றுக்குள் கிளை நீட்டி நின்றது. அண்டா அதன் வேரில் போய் மோதி, ணங் என்று கோயில் மணி மாதிரி ஒரு சத்தம் போட்டு நின்றது. அம்மாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதன் காதைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாத்தியார் கரண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் கொறையலக்கா" என்றார். ஜிப்பாவில் ஒரு பருக்கை சோறு ஒட்டியிருந்தது.

தெரு அங்கிருந்து வெகுதூரம். மேட்டு நிலம் வேறு. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஏறினால் நேரம் போய்விடும். மேலே கோயிலில் பூசைக்கு மணி அடித்துவிட்டார்கள். தலைவர் அம்மாளைப் பார்த்தார்.

"அண்டா எங்கன நின்னுச்சோ அங்கனயே அடுப்பத் தோண்டுங்க" என்றார் அம்மாள். "அரிசி இங்கன வரும். ஆடும் இங்கன வரும். நான் மகளத் தாரை வாத்துட்டு வாரேன்." ஈரச் சேலையோடு கோயிலுக்கு மேடேறிப் போனார்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் அலுக்காது. மற்ற இரண்டு அண்டாக்களையும் கரையோடு அங்கே கொண்டுவந்து, ஆற்று மணலில் நீளப் பள்ளமாகக் கோட்டையடுப்பு வெட்டினோம். பெட்டி பெட்டியாக அரிசி வந்தது. குமுளிப் பக்கத்து எஸ்டேட்டில் பொங்கிப்போட்ட சமையற்காரர் ஒருவர் கறிக்கு மசாலா போட்டுக்கொண்டே, மிளகாய்த்தூளை நீட்டுகிறவர்களிடம் "மதி, மதி" என்று, போதும் என்பதை மலையாளத்தில் சொல்லிக் கையை ஆட்டினார். எங்கள் ஊரில் பந்தி முடிந்ததும் கொடிக்கால்காரர், மகளை மணையில் உட்கார வைத்துவிட்டு, கட்டுக் கட்டாக வாழையிலையும் வெற்றிலையும் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கி வந்து சேர்ந்தார். "அண்டா இங்க என்ன செய்யுதுன்னு பாக்க வந்தேன்" என்றார். பிறகு அவரே இலை போட்டார்.

பூசை முடிந்து பேண்டு வாத்தியத்தோடு பொண்ணும் மாப்பிள்ளையும் இறங்கி வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. மருதமர நிழலில் இலை வரிசை வரிசையாகக் கிடந்தது. சோற்றில் ஆவி பறந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் நின்று பார்த்தார். முகம் சுளிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தோம்.

"நாங்களும் எத்தனையோ கலியாணம் பாத்திருக்கோம்" என்றார் அவர். "பந்தல் போடுவாக, தோரணம் கட்டுவாக. ஆத்தையே பந்திக்குக் கொண்டாந்து பக்கத்துல ஒக்கார வச்சது இங்கனதேன்."

அந்த வார்த்தை விழுந்ததும் அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒருவரும் பசியோடு எழுந்திருக்கவில்லை. மறுசோறு கேட்டவருக்கு மறுபடியும் சோறு இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் நாங்கள் அண்டாவை ஆற்றுக்கு உருட்டினோம். அம்மாளும் புளியை எடுத்துக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார். தலைவர் பதறிவிட்டார். "வேண்டாந்தாயி. உறுப்பினர்கதேன் வெளக்கணும். அது சங்கத்து விதி."

"அப்பச் சேத்துக்கிருங்கண்ணே" என்றார் அவர்.

தலைவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் வாத்தியாரைப் பார்த்தோம். வாத்தியார், இன்னும் காயாத ஜிப்பாவோடு, "சேத்தாச்சு" என்றார். எங்கள் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் அப்படித்தான் சேர்ந்தார். கொடிக்கால்காரர் மனைவி அடுத்த கூட்டத்துக்குக் கேட்காமலே வந்து உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு எங்கள் கூட்டத்தில் ஒரு கல்யாணத் தேதி சொன்னால் தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி, கிழமை என்று மூன்றையும் எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லவேண்டும். தெருவில் போகிறவர்கள் பள்ளிக்கூடம் நடக்கிறது என்று நினைத்தார்கள்.

அறுப்புத் தொடங்கியபோது ஒரு நாள், துறையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தோம். காரியக்காரர் அதே குடையோடு கரையில் வந்து நின்றார்.

"என்னாத்தா, பண்ணையில அறுப்பு ஆரம்பிச்சாச்சு. ஆள் வரலயேன்னு கேட்டாக."

அம்மாள் நிமிர்ந்தார். கையில் புளிச்சக்கை, முன்னால் அண்டா, உள்ளே முகம் தெரியும்படி பளபளவென்று.

"வாரேனே. கூலி எம்புட்டுன்னு கேட்டுக்கிட்டு வந்து சொல்லுங்க, வாரேன்" என்றார்.

காரியக்காரர் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தலைவர் மீசையில் சாம்பல் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலே முறுக்கிவிட்டார். குடை திரும்பி நடந்தது. அம்மாள் அண்டாவைத் தன் பக்கம் சாய்த்து, விட்ட இடத்திலிருந்து விளக்கத் தொடங்கினார்.