ஜெராக்ஸ் கடையில் திறந்த பூட்டு

போன வாரம் என் கழுத்தில் இருந்த கட்டியைப் பற்றி பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்கள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. கடைசியாகத் தெரிந்துகொண்டது என் மனைவி பானு.

கட்டி சுண்டைக்காய் அளவுதான். ஷேவ் செய்யும்போது கையில் தட்டுப்பட்டது. டாக்டர் ஊசி குத்தி டெஸ்ட் எடுக்கச் சொன்னார். பானுவிடம் மூச்சு விடவில்லை; பல்வலி என்று சொல்லிவிட்டு லேபுக்குப் போய் வந்தேன். அவள் பயந்து, நான் சமாதானப்படுத்தி... அதற்கெல்லாம் தெம்பு இல்லை சாமி. ரிசல்ட் வரட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று பத்து நாள் ஓட்டினேன்.

வியாழக்கிழமை காலை ரிப்போர்ட் போனுக்கே வந்தது. வெறுமனே வரவில்லை, பூட்டிக்கொண்டு வந்தது. பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும் போட்டால்தான் திறக்குமாம்.

இந்தப் பூட்டு சமாசாரத்தை ஐ.டி.யில் இருக்கும் என் மச்சினன் ஒருமுறை பொறுமையாக விளக்கியிருக்கிறான். தகவல் கிளம்பும்போதே கண்டபடி கலைத்துவிடுவார்களாம். வழியில் யார் பிடித்துப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. சாவி இருப்பவர் கைக்குப் போனால்தான் மறுபடி ஒழுங்காகும். அதற்குப் பெயர் என்க்ரிப்ஷன். நல்ல சாவியாக இருந்தால் கம்ப்யூட்டரே திணறும் என்றான்.

நல்லதுதான். ஆனால் எத்தனை பூட்டைத்தான் ஒரு மனுஷன் திறப்பது? பால் வாங்க ஒரு பாஸ்வேர்டு, கரண்ட் பில்லுக்கு ஒன்று, அதை மறந்தால் ஓ.டி.பி... அலுத்துப்போச்சு.

ரிப்போர்ட்டைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டருக்கோ பேப்பரில் இருந்தால்தான் படிக்க வரும். பிரிண்ட் எடுத்து, பார்க்காமலேயே கவரில் போட்டு ஒட்டி, அவர் கையில் கொடுத்துவிடுவது என்று திட்டம். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் மஞ்சுநாத்தின் நம்பருக்கு ஃபைலை அனுப்பினேன். ஆதார் அட்டையும் கையுமாக நாலு பேர் நின்றிருந்தார்கள். எங்கள் அபார்ட்மென்ட் இரண்டாவது மாடி கமலாவும் அதில் ஒருவர். மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"சார், பாஸ்வேர்டு கேக்குது. ஜோரா சொல்லுங்க, காதுல விழல" என்றார் மஞ்சுநாத்.

சொன்னேன். ஜோராகவே. திறக்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. பள்ளியில் சேர்ப்பதற்காக அப்பா எனக்கு ஒரு வயது கூட்டிக் கொடுத்தார்; சர்ட்டிஃபிகேட்டில் எல்லாம் ஒரு வருடம் முன்னால் பிறந்ததாகத்தான் இருக்கும், இப்போது வாயில் வந்ததும் அதுதான். லேபில் கேட்டபோது ஊசி பயத்தில் நிஜ வருடத்தைச் சொல்லித் தொலைத்திருக்கிறேன். ஒரு வருடம் கூட்டிப் போடச் சொன்னேன். திறந்துகொண்டது.

மஞ்சுநாத்தின் மானிட்டர் வாடிக்கையாளர் பக்கம் திரும்பி இருக்கும் — தப்பு இருந்தால் அவரவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று. என் பெயர், என் நிஜ வயது, என் கழுத்து... எல்லாம் பெரிய எழுத்தில். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நிஜமாகவே.

"பெனைன்னு போட்ருக்கு சார்" என்றார் கமலா, மெதுவாக. "எங்க அக்காவுக்கும் இதேதான் வந்துச்சு. கேன்சர் இல்ல. நிம்மதியா போங்க."

மஞ்சுநாத் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிரிண்டைக் கவரில் போட்டு, பசை தடவி நன்றாக ஒட்டினேன். இனி யாரிடம் மறைக்க? கேட்காதீர்கள்.

நான் வீட்டுக்குள் நுழைவதற்குள் கமலா போன் செய்துவிட்டிருந்தார். நல்ல செய்திதானே என்று நினைத்திருப்பார், பாவம். பானு அழுது முடித்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

வெளி ஆட்களுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான்... என்று இழுத்தேன்.

"அப்ப நான் யாரு?" என்றாள்.

கலைத்து அனுப்புவது வழியில் இருப்பவர்களுக்காக. போய்ச் சேர வேண்டியவருக்கே சாவி கொடுக்கவில்லை என்றால் அனுப்பியது வெறும் குப்பைதான் என்று மச்சினன் அன்றைக்கே சொல்லியிருந்தான். நான்தான் பாதி கேட்டிருக்கிறேன்.

மாலையில் டாக்டரிடம் போக அவளும் கிளம்பினாள். ஆட்டோவில் கவரைக் கேட்டு வாங்கினாள். ஒட்டிய இடத்தைக் கிழித்து, ரிப்போர்ட்டை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தாள். எனக்குத் திரும்பி வந்தது காலிக் கவர் மட்டும்தான்.

ரிப்போர்ட் இப்போது அவள் பீரோவில் இருக்கிறது. சாவியும் அவளிடம்தான்.