ஒரு ஓடர், பத்து ரெயின்கோட்

நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் ரெயின்கோட்டை ஒரு ஒன்லைன் கடை நானூற்றைம்பதுக்குப் போட்டிருந்தது. உடனே காசைக் கட்டிவிட்டேன்.

இன்று கொழும்பிலிருந்து அந்தக் கடை மேனேஜரின் கோல், சிங்களத்தில் தங்கச்சி முறை சொல்லி. “நங்கி, விலையில ஒரு சைபர் விடுபட்டுப் போச்சு.”

“காசை எடுத்துட்டீங்கதானே?” என்று சிங்களத்திலேயே பிடித்துக்கொண்டேன்.

பெருமூச்சு விட்டார். “சரி, ஆளுக்கு ஒரு ஓடர் மட்டும் அந்த விலைக்கே தர்றோம்.”

“நான் ஒண்ணுதான் போட்டேன், சேர்.”

கூரியர்காரர் தெஹியோவிட்ட டவுனைத் தாண்டி எங்கள் மலைத் தோட்டத்துக்கு ஏறமாட்டார். அதனால் லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஓடராகத்தான் போடுவோம்.

ஓடரைத் திறந்து பார்த்தவர் கத்தினார். “நங்கி, இதுல பத்து இருக்கே!”

“லயத்துல பத்து வீடு இருக்கே, சேர்!”

வேறு வழியில்லாமல் நாளைக்கே அனுப்புகிறாராம். மழையே, இனி வந்து பார்!

அடுத்து எங்களுக்கு ரைஸ் குக்கர் வேண்டும். எங்காவது சைபர் விழுந்து கிடந்தால் சொல்லுங்கள்.