பெண் வண்டிக்குப் போட்ட பெட்ரோல்

எனக்கு மறதி அதிகம். வாங்கின மளிகையைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவேன். கல்யாண நாளை மறந்துபோய் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வேன். ஆனால் நாலு பேர் எதிரில் ஒருத்தர் என்னை மட்டம் தட்டினால் அது மட்டும் மறக்காது. நல்ல குணம் இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் குணம் இல்லாவிட்டால் ஆரணியில் அந்தப் பெட்ரோல் பங்க்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது.

தொண்ணூறுகளில் நான் வேன் ஓட்ட வந்தபோது பெட்ரோல் என்றால் ஒரே பெட்ரோல்தான், ஒரே குழாய்தான். விலை ஏறப்போகிறது என்று வதந்தி வந்தால் முதல் நாள் சாயங்காலமே 'ஸ்டாக் இல்லை' அட்டை தொங்கும். மறுநாள் காலை புது விலையில் அதே பங்க்கில் ஆறாக ஓடும். மீட்டரில் ஜீரோ பார்க்காமல் விட்டால் போச்சு. குழாய் பிடிப்பவர் நம்மிடம் ஊர்க்கதை பேச ஆரம்பித்தால் உஷாராகிவிட வேண்டும். இதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போன தொல்லைகள். திட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவோம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து பிரீமியம் வந்தது. பங்க் வாசலில் பளபளவென்று பேனர். என்ஜின் சுத்தமாகும், மைலேஜ் கூடும், இழுவை கூடும் என்று எழுதியிருந்தார்கள். லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். எங்கள் வேன் ஸ்டேண்டில் அதற்கு 'உசத்தி' என்று பேர் வைத்தோம். கொஞ்ச நாளில் சாதாக் குழாயின் தலையில் சாக்கைப் போட்டு மூடிவிட்டார்கள். கேட்டால் ஒரே பதில்தான்.

"சாதா இல்லீங்க. உசத்திதான் கீது. போடட்டா?"

வேனில் பார்ட்டியை உட்கார வைத்துவிட்டு என்ன செய்வது? போட்டுத்தான் ஆக வேண்டும். சாதாவும் உசத்தியும் ஒரே டேங்கிலிருந்துதான் வருகிறது, அதிலும் மண்ணெண்ணெய் கலக்கிறார்கள் என்று ஸ்டேண்டில் தினம் பேச்சு. வண்டியைக் கிளப்பினால் வீட்டில் ஸ்டவ் பற்ற வைத்த மாதிரி வாசனை வரும். மேட்டில் ஏறும்போது என்ஜின் கடகடவென்று தட்டும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி அப்பியிருக்கும். ஆனால் பங்க்காரரிடம் போய்க் கேட்க ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. ஊரில் பெரிய மனிதர். கோயில் திருவிழா என்றால் முதல் ரசீது அவர் பேரில்தான் கிழிப்பார்கள்.

எனக்கு அப்போது ஒரு நல்ல பிழைப்பு இருந்தது. ஊரில் பெரிய பட்டு முதலாளி ஒருவர், நெய்து வரும் புடவைகளை வாரா வாரம் சென்னைக் கடைகளுக்குக் கொண்டுபோவார். அந்த டிரிப் என்னுடையது. சீசன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஒரு டிரிப்பை நம்பித்தான் வண்டிக்கு டியூ கட்டினேன், வீட்டில் உலை வைத்தோம். ஸ்டேண்டில் பாதிப் பேருக்கு அதில் என்மேல் பொறாமை.

ஒரு ஆடி மாதம். சென்னைக் கடைகளில் தள்ளுபடி விற்பனை சூடாக நடக்கிற நேரம். முதலாளி முன் சீட்டில், பின்னால் கூரை வரைக்கும் புடவைக் கட்டு. வழக்கம்போல உசத்தி போட்டுக்கொண்டு கிளம்பினேன். செய்யாறு தாண்டவில்லை, வண்டி இரும ஆரம்பித்தது. இரண்டு இழு இழுத்தது. அப்புறம் புளியமரத்தடியில் நின்றேவிட்டது. நானும் பிளக்கைத் துடைத்தேன், பெட்ரோல் பைப்பை வாயால் ஊதினேன். வாயெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம். முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் அந்த வழியாக வந்த இன்னொரு வேனைக் கைகாட்டி நிறுத்தி, கட்டுகளை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு நேராகப் பங்க்குக்குத்தான் வந்தேன். கண்ணாடி ரூமில் ஏசி போட்டு ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார் பங்க்காரர். வெளியே வந்தார். எங்கள் ஸ்டேண்ட் டிரைவர்கள் நாலைந்து பேர் அங்கே வரிசையில் நின்றிருந்தார்கள்.

"உங்க பெட்ரோல்ல கலப்படம் கீதுங்க. என் வண்டி நடுரோட்டுல நின்னுடுச்சு. டிரிப் போச்சு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். சிரித்தார்.

"வண்டி ஓட்டத் தெரியாதவனெல்லாம் பெட்ரோல் மேல பழி போட்டுகினு வந்துடறானுங்க. என் பெட்ரோல் தாய்ப்பால் மாதிரிய்யா. உன் டப்பா வண்டிக்கு அது ஒத்துக்கல. போ, போய் மெக்கானிக்கைப் பாரு. இங்க நின்னு பேஜார் பண்ணாத."

வரிசையில் நின்ற என் ஆட்களே சிரித்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அந்தப் பங்க்கில் கடனுக்கு அடிக்கிறவர்கள். ஆனால் பட்டு முதலாளியும் அந்தக் கதையை அப்படியே நம்பிவிட்டார். மறுவாரம் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "உனக்கு வண்டியைச் சரியா வச்சுக்கத் தெரியலையாமே, பங்க்காரரே சொன்னாரு" என்று சொல்லி, அன்றைக்கு வழியில் வந்தானே அந்த வேன்காரனுக்கே டிரிப்பைக் கொடுத்துவிட்டார். என் வயிறு எரிந்தது. டிரிப் போனதைவிட, நான் வண்டி ஓட்டத் தெரியாதவன் என்று ஊரில் நிலைத்துப்போனதுதான் தாங்கவில்லை. அன்றைக்கு ஒன்று முடிவு செய்தேன். அந்த ஆள் வாயாலேயே, நாலு பேர் எதிரில், தன் பெட்ரோல் சரியில்லை என்று சொல்ல வைக்க வேண்டும். பட்டு முதலாளி அதைக் காதால் கேட்க வேண்டும். அதுவரை அந்தப் பங்க்கில் ஒரு சொட்டு வாங்குவதில்லை.

ஆரணியில் இன்னொரு பங்க் உண்டு. ஆற்காடு ரோட்டில், ஊரின் அந்தக் கோடியில். ஒவ்வொரு முறையும் அதுவரைக்கும் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். பங்க்காரரும் அந்தப் பங்க் முதலாளியும் ஒருத்தரை ஒருத்தர் முகம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அது எனக்குக் கூடுதல் சந்தோஷம்.

ஒருநாள் தெள்ளாருக்கு ஒரு பார்ட்டியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். சேத்துப்பட்டு பங்க்கில் ஒரு கார் நின்றிருந்தது. நம்பரைப் பார்த்தேன். எங்கள் பங்க்காரருடைய சொந்தக் கார். அவருடைய டிரைவர் டேங்கை நிரப்பிவிட்டு, டிக்கியைத் திறந்து இரண்டு கேனிலும் நிரப்பிக்கொண்டிருந்தான். சொந்தமாகப் பங்க் வைத்திருக்கிற மனிதர், கேன் வைத்து அடுத்த ஊரில் பெட்ரோல் வாங்குகிறார்! வண்டியை ஓரமாக நிறுத்திக் கண் குளிரப் பார்த்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? நான்தான் வண்டி ஓட்டத் தெரியாதவன் ஆயிற்றே.

அடுத்த தை மாதம் பங்க்காரர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு தெள்ளார். எங்கள் பக்கம் கல்யாணம் மாப்பிள்ளை ஊரில்தான். முதல் நாள் மத்தியானம் பெண்ணை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்குப் பெண் வண்டி என்று பேர். மற்ற வண்டி எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும், பெண் வண்டி கிளம்பினால் வழியில் நிற்கவே கூடாது. நின்றால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையும் அப்படியே நின்று நின்று போகும் என்று பெண்கள் பயப்படுவார்கள். டீ குடிக்கக்கூட நிறுத்த விடமாட்டார்கள்.

பங்க்காரர் தன் காரை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்கு விட்டுவிட்டதால், எங்கள் ஸ்டேண்டில் இருந்த அத்தனை வேனையும் பேசிவிட்டார்கள். ஸ்டேண்டில் ஆள் விட்டுப் பேசியதால் என் வண்டியும் அதில் இருப்பது அவருக்குத் தெரியாது. "எல்லாரும் நம்ம பங்க்லயே அடிச்சுக்கோங்க, காசு வேணாம்" என்று சொல்லியனுப்பினார். மற்றவர்கள் காலையிலேயே வயிறு நிறைய அடித்துக்கொண்டார்கள். நான் அடிக்கவில்லை. பெட்ரோல் முள் அடியைத் தொடுகிற மாதிரி வைத்துக்கொண்டு, வண்டியைக் கழுவினேன். சீட்டுக்குப் புது உறை போட்டேன். என் காசில் சாமந்தியும் ரோஜாவும் வாங்கி முன்னாலும் பின்னாலும் மாலை கட்டினேன். என் கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு பாடுபட்டதில்லை.

பலித்தது. பெண்ணின் அம்மா வாசலுக்கு வந்து வண்டிகளை ஒரு பார்வை பார்த்தார். "பொண்ணு இந்த வண்டியில ஏறட்டும். இதுதான் சுத்தமா கீது" என்றார்.

வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. சீர்த்தட்டு வரிசையாக வண்டியில் ஏறியது. பெண்ணின் தாய்மாமன், பங்காளிகள், ஊர்ப் பெரியவர்கள், எங்கள் டிரைவர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். பெண்ணுக்குப் புடவை கொடுத்த பட்டு முதலாளியும் வேட்டி சட்டையில் நின்றிருந்தார். இதைவிட நல்ல சபை எனக்கு எங்கே கிடைக்கும்?

என்னைப் பார்த்ததும் பங்க்காரர் முகம் மாறியது. நான் கும்பிடு போட்டேன்.

"வணக்கங்க. வண்டியில பெட்ரோல் சுத்தமா இல்லீங்க. நம்ம பங்க்ல உசத்தி போட்டுகினு கிளம்பிடட்டுங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவர் வீட்டம்மா சொல்லிவிட்டார். "இதுக்கின்னா கேள்வி? நம்ம பங்க்லயே ரொப்பிக்கோ. அப்புறம் வழியில எங்கியும் நிறுத்தக் கூடாது, சொல்லிட்டேன்."

பங்க்காரருக்கு வேர்த்தது. மனைவியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மாலை கட்டிய என் வண்டியைப் பார்த்தார். என் பக்கத்தில் வந்து காதோடு ஏதோ முணுமுணுத்தார். எனக்கு நன்றாகவே கேட்டது.

"என்னங்க? மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க" என்றேன்.

மறுபடியும் முணுமுணுத்தார். நான் காதைச் சொறிந்துகொண்டே மேளக்காரர்களை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினேன். அவர்கள் நிறுத்தினார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. பொறுமை போய்க் கத்திவிட்டார்.

"நம்ம பங்க்ல வேணாய்யா! பொண்ணு வண்டி, வழியில நின்னுடப் போவுது. ஆற்காடு ரோட்டு பங்க்ல போட்டுகினு ஜல்தியா வா!"

எங்கள் டிரைவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தாய்மாமன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மாமா, அப்போ எங்க வண்டிக்கெல்லாம் போட்டுக் குடுத்தது?"

பங்க்காரர் திருதிருவென்று விழித்தார். நான் எத்தனை நாள் நெஞ்சில் வைத்துக் காத்திருந்தேன் அந்த நிமிஷத்துக்கு! சத்தம் போடவில்லை. மரியாதையாகவே கேட்டேன்.

"தாய்ப்பால் மாதிரின்னு சொன்னீங்களே முதலாளி. பெத்த பொண்ணுக்கு அது வேணாங்களா?"

நான் பட்டு முதலாளி முகத்தைத்தான் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மாலை கட்டிய பெண் வண்டியை, கடைத்தெரு வழியாக ஊர்ந்து ஊர்ந்து, ஊரே பார்க்க ஆற்காடு ரோட்டு பங்க்குக்கு ஓட்டிப் போனேன். அந்தப் பங்க் முதலாளியே எழுந்து வந்து விசாரித்தார். யார் வீட்டுக் கல்யாணம், யார் இங்கே அனுப்பினது என்று ஒன்று விடாமல் சொன்னேன். சாதாதான் போட்டேன். திரும்பி வந்து பெண்ணை ஏற்றிக்கொண்டு தெள்ளாரில் இறக்குகிற வரைக்கும் வண்டி ஒரு இருமல் இருமவில்லை. அந்தப் பெண்மேல் எனக்கு என்ன பகை? அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஓட்டினேன். தாய்மாமன் வந்த வண்டிதான் சேத்துப்பட்டு தாண்டி நின்றுவிட்டது. பட்டு வேட்டியோடு இறங்கித் தள்ளினார்களாம். எனக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அதற்கப்புறம் அந்தப் பங்க்குக்கு எங்கள் ஸ்டேண்ட் வண்டி போனால், குழாய் பிடிப்பவரிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பொண்ணு வண்டிக்குப் போடற மாதிரி கீதா?" கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஸ்கூட்டரில் வரும் வாத்தியார்கள்கூடக் கேட்க ஆரம்பித்தார்கள். சாதாக் குழாயின் சாக்கு தானாகவே இறங்கியது. இறங்கியும் அங்கே கூட்டம் சேரவில்லை. எனக்கு அதில் துளிகூட வருத்தமில்லை, இன்றைக்கும் இல்லை.

ஆனால் என் வயிறு குளிர்ந்தது அதற்கு முன்னாலேயே. தாலி கட்டி முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம், டிரைவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில். பட்டு முதலாளி வந்து என் பக்கத்தில் குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை சென்னைக்குப் போவணும். நீயே வண்டி எடுத்துகினு வந்துடு."

பங்க்காரர் அப்போது பந்தியை விசாரித்துக்கொண்டு எங்கள் வரிசைக்குத்தான் வந்துகொண்டிருந்தார். அவர் எங்கள் எதிரில் வந்து நிற்கிற வரைக்கும் காத்திருந்து, பட்டு முதலாளியிடம் சொன்னேன்.

"மேளச் சத்தத்துல காது அடைச்சுடுச்சுங்க முதலாளி. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

மேளம் நின்று வெகுநேரமாகியிருந்தது. பட்டு முதலாளி என்னைப் பார்த்தார், எதிரில் நின்றவரைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து நின்று, வரிசைக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"அன்னிக்கு உன் மேல தப்பில்லப்பா, உன் வண்டி மேலயும் தப்பில்ல. பெட்ரோல் மேலதான் தப்பு. வெள்ளிக்கிழமை வா."

"வரேங்க" என்றேன்.

பங்க்காரர் என் இலையைப் பார்த்தார். பெண்ணைப் பெற்றவர், விசாரிக்காமல் போக முடியாது. பாயசக்காரரைக் கூப்பிட்டு, "இவருக்கு ஊத்துப்பா" என்றார். வாங்கிக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.